அரக்கு பார்டர் வைத்த தூண்டில்

என் வீட்டுக்காரர் மாவாட்டும் கிரைண்டரைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்திருந்தார். குழவியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, உரலின் நடுவில் நிற்கும் தண்டோடு ஒரு நீளமான கறுப்புக் குழலைச் சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டினார். குழலின் மறுமுனை நாற்காலியின் முதுகில் கிடந்தது. அதன்மேல் அங்கங்கே மஞ்சளும் அரக்குமாக நூல் சுற்றியிருந்தது. நூலின் மேல் ஈரப் பசை பளபளத்தது.

"ஏனுங்க, அது மாவாட்டற சாமானுங்க" என்றேன்.

"சுத்தற சாமான், சுமதி. மாவைச் சுத்தறோமா வேற எதையாச்சும் சுத்தறோமான்னு அதுக்குத் தெரியவா போகுது?"

கூடத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்த அவருடைய அக்கா கழுத்தை நீட்டிச் சமையலறைக்குள் பார்த்தார்.

"டேய் செல்வா, சுச்சைப் போடறதுக்கு முன்னால கொஞ்சம் ரோசனை பண்ணுடா."

அவர் அதற்குள் போட்டுவிட்டார்.

தேனீக்குப் பிறகு

அடுத்து நடந்ததைச் சொல்வதற்கு முன் ஒரு விளக்கம். சென்ற வாரம் இந்தப் பத்தியில் எங்கள் மொட்டை மாடித் தேனீப் பெட்டியைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்ததிலிருந்து என் வீட்டுக்காரர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. "தேனீ கொட்டுச்சுன்னு எழுதுனே, சரி. எங்க கொட்டுச்சுன்னும் எழுதோணுமா?" என்று மட்டும் கேட்டார்.

நியாயமான கேள்வி. ஆகவே இந்த வாரம் அவர் ஆரம்பித்த ஒரு காரியத்தை முடித்த கதையைச் சொல்லிச் சமாதானமாகப் போகலாம் என்றிருக்கிறேன். அப்படி முடித்த காரியங்கள் அதிகம் இல்லை. மாடியில் பாதி கட்டிய புறாக் கூண்டு இருக்கிறது. கொல்லையில் மண்ணே இல்லாமல் கீரை வளர்க்க வாங்கிய பிளாஸ்டிக் குழாய்கள் இருக்கின்றன. அவற்றில் இப்போது பல்லிகள் நன்றாக வளர்கின்றன.

எங்களுக்கு எடப்பாடியில் வீட்டோடு சேர்ந்த தறிக்கூடம். விசைத்தறி ஓடும் சத்தத்தில் பேசிப் பேசி எங்கள் வீட்டில் யாருக்கும் மெதுவாகப் பேச வராது. கோயிலில் நான் ரகசியமாக வேண்டிக்கொண்டதைப் பக்கத்தில் நின்ற அம்மாள் கேட்டுவிட்டு, "எல்லாம் நல்லபடியா நடக்குமுங்க" என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார்.

அந்தச் சத்தத்துக்குள்தான் நங்கையா வந்து சேர்ந்தார்.

காக்காய்க்கு மேலே ஒரு வீடு

வீட்டுக்காரரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்று கூப்பிடுவோம். என் நங்கையாவுக்கு ஊர் பூலாம்பட்டி. காவிரிக்குப் பக்கத்திலேயே வீடு. கணவர் போன பிறகும் தனியாக அங்கேயே இருந்தார். ஒரு மூங்கில் குச்சி, தூண்டில் நரம்பு, முள், டப்பாவில் இரைக்குக் கொஞ்சம் நாக்குப்பூச்சி. இவை இருந்தால் அவருக்குப் பொழுது போய்விடும். சாயங்காலம் துறையில் உட்கார்ந்து மீன் பிடிப்பார். கூடவே போகிற வருகிறவர்களை வம்புக்கிழுப்பார். மீனைவிட மனுசர்கள் சுலபமாக மாட்டுவார்கள்.

ஒரு மழைக்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. கால் தேறிவிட்டது. பேச்சு ஒரு நாள்கூட நிற்கவில்லை. வலது கைதான் சொன்னபடி கேட்கவில்லை. விரல்கள் பாதி மடங்கும், அதற்குமேல் மடங்காது.

ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். பயிற்சி கொடுக்க வந்த பெண், தினமும் அமுக்கிப் பழகச் சொல்லி ஒரு ரப்பர் பந்து கொடுத்தாள். நங்கையா அதை ஜன்னல் வழியே தெரு நாய்க்கு வீசினார். வீசியது இடது கை.

அவருடைய ஒரே மகள் கோகிலா பெங்களூரில் இருக்கிறாள். கெட்டிக்காரி. வாயில் அம்மாவைக் கொண்டவள். அவள் வந்து, "போதும்மா, கெளம்பு. எங்கூட வந்து இரு" என்றாள்.

"உன்ற ஊட்டுல எனக்கென்னடி இருக்குது? பதினோராவது மாடி. ஜன்னல்ல பாத்தா ஆகாசம். காக்காகூட நமக்குக் கீழ பறக்குது."

"தனியா இருந்து என்னம்மா பண்ணுவே? ஒரு கைய வெச்சுட்டு என்ன முடியும் உன்னால?"

நங்கையா வலது கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "பொங்கலுக்கு வா" என்றார். "ஆத்துல நானே மீன் புடிச்சு, நானே கழுவி, நானே கொழம்பு வெச்சு உனக்குப் போடறேன். போட்டுட்டா நான் என்ற ஊட்டுல இருப்பேன். முடியலைன்னா பொட்டியக் கட்டிட்டு உங்கூட வாரேன். வாயே தொறக்க மாட்டேன்."

கடைசி வாக்கியத்தை எங்களில் யாரும் நம்பவில்லை. ஆனால் கோகிலா ஒப்புக்கொண்டாள். அம்மாவின் கையைப் பார்த்தபோதே, ஜெயித்துவிட்டோம் என்று அவள் நினைத்தது முகத்தில் தெரிந்தது.

ஆறு கொண்டுபோனது

முதலில் சேலத்தில் ஒரு கடையில் தயாராக இருந்த தூண்டில்கோலை வாங்கி வந்தோம். நீலக் கலரில், ரீல் எல்லாம் வைத்து அழகாகத்தான் இருந்தது. நங்கையாவைக் கூட்டிக்கொண்டு பூலாம்பட்டித் துறைக்குப் போனோம். அவர் பழைய வேகத்தில் வீசினார். நரம்பு போனது, தக்கை போனது, பின்னாலேயே கோலும் ரீலும் போயின. கைப்பிடி அத்தனை ஒல்லி. அவர் விரல்களுக்குள் அது நிற்கவே இல்லை.

திரும்பும்போது காரில் நங்கையா ஒரு வார்த்தை பேசவில்லை. என் வீட்டுக்காரர் பயந்துவிட்டார். "திட்டீட்டு வந்தாக்கூடப் பரவால்ல, சுமதி" என்று என் காதில் சொன்னார். அவர் காதில் சொன்னது காரில் எல்லோருக்கும் கேட்டது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டை நங்கையா பாதியில் வைத்துவிட்டார். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் தட்டைத் தள்ளியபோது என் வீட்டுக்காரர் எழுந்து நின்று அறிவித்தார்.

"அக்கா, உன்ற கைக்குன்னு நானே ஒண்ணு செஞ்சு தாரேன்."

நங்கையா நிமிர்ந்து பார்த்தார். "எதுல? அந்தக் கீரைக் கொழாயிலயா?"

கிழங்கும் செருப்பும்

தாடி வைத்த ஏதோ தேசத்துக்காரர் ஒருவர் தூண்டில்கோல் செய்வதைக் காட்டும் வீடியோக்களை என் வீட்டுக்காரர் கண்டுபிடித்தார். வெறும் கார்பன் குழல் தனியாக வாங்கலாம். நரம்பு ஓடும் வளையங்களும் ரீலும் தனி. கைப்பிடியை நாமே செய்யலாம். வளையங்களை நூல் சுற்றிக் கட்டி, மேலே பசை பூச வேண்டும். அவ்வளவுதான் என்றார். அவர் அவ்வளவுதான் என்று சொன்னால் நான் சமையலறைச் சாமான்களை எண்ணி வைத்துக்கொள்வேன்.

குழல் கூரியரில் வந்தது. ஆள் உயரத்தைவிட நீளமான அட்டை உருளை. தெருவே வேடிக்கை பார்த்தது. எதிர்வீட்டுக்காரர், "டிவி ஏன்டெனாவுங்களா? இன்னுமா அதெல்லாம் இருக்குது?" என்று அனுதாபத்தோடு கேட்டார்.

முதல் கேள்வி, கைப்பிடி எவ்வளவு தடிமன் என்பது. வீட்டில் உருண்டையாக இருந்த எல்லாவற்றையும் நங்கையா கையில் கொடுத்துப் பார்த்தோம். சப்பாத்திக் கட்டை ஒல்லி. சொம்பு தடி. டார்ச் நழுவியது. கடைசியில் நான் அவிக்கக் கழுவி வைத்திருந்த மரவள்ளிக் கிழங்கை எடுத்துக் கொடுத்தேன். பாதி மடங்கிய விரல்களுக்குள் அது அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

"இதான், இதான்!" என்று கத்திவிட்டு, இவர் கிழங்கைப் பிடுங்கிக்கொண்டு போனார். அன்று எங்களுக்குக் கிழங்கு இல்லை. மாதிரிக்கு வைத்தது காய்ந்து சுருங்கியபோது, அதே அளவில் இன்னொன்று தேடிச் சந்தைக்குப் போனார். அங்கே ஒவ்வொரு கிழங்காகக் கையில் பிடித்து, கண்ணை மூடி, மேலும் கீழும் ஆட்டிப் பார்த்திருக்கிறார். கடைக்காரம்மாள், "கெழங்கு வேணுங்களா, கதாயுதம் வேணுங்களா?" என்று கேட்டதாகக் கேள்வி.

அடுத்து, கைப்பிடியை எதில் செய்வது? வீடியோக்காரர் நெட்டி மாதிரி ஒரு கட்டையை வைத்துக்கொண்டிருந்தார். இவர் யோசித்து யோசித்து, என் குளியலறைச் செருப்பைத் தூக்கிப் பார்த்தார். லேசானது, நனைந்தால் கெடாது, பிடித்தால் வழுக்காது.

"செருப்பையா கையில புடிக்கச் சொல்றே?" என்று நங்கையா குதித்தார்.

"புதுச் செருப்புக்கா. காலே படாதது."

கடைக்குப் போய், "சைசு எதுன்னாலும் சரிங்க, தடிமனாப் பாத்துக் குடுங்க" என்று கேட்டு வாங்கி வந்தார். வட்டம் வட்டமாக வெட்டி, நடுவில் துளையிட்டு, குழலில் கோத்து ஒட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். நீலமும் வெள்ளையும் அடுக்கடுக்காக ஒரு கிழங்கு உருவானது. நிஜமாகவே நன்றாக இருந்தது. நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் வீட்டில் உள்ள எல்லாச் செருப்பும் போய்விடும்.

கை சோர்ந்தாலும் கோல் நழுவாமலிருக்க ஒரு பட்டை வேண்டும். கெட்டுப்போன பிரஷர் மெஷினின் துணிப்பட்டை பீரோவில் கிடந்தது. அதைக் கோலின் அடியில் தைத்து, முழங்கைக்குக் கீழே சுற்றி ஒட்டிக்கொள்ளும்படி செய்தோம். எதிர்வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "மீனுக்குப் பிரஷர் பாப்பீங்களா?" என்றார்.

நூல் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. தறி ஓட்டுகிற வீட்டில் தூண்டிலுக்கு நூல் விலைக்கு வாங்குவதா? மாம்பழ மஞ்சள் பாலியஸ்டரை நானே எடுத்துக் கொடுத்தேன். வளையத்துக்கு வளையம் நெருக்கமாக, இழைமேல் இழை ஏறாமல் சுற்றினேன். இரண்டு ஓரத்திலும் அரக்கு நூலில் மெல்லிய கோடு போட்டேன். நங்கையா வாங்கித் தடவிப் பார்த்தார்.

"பார்டர் வெச்சிருக்கறயா? முந்தி எங்க?"

முந்திக்கும் நுனியில் கொஞ்சம் ஜரிகை சுற்றினேன். பசை பூச வேண்டியதுதான் பாக்கி.

மீசை போன கதை

அந்தப் பசை காய ஒரு பொழுது ஆகும். அதுவரை கோலை மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பசை ஒரு பக்கமாக வழிந்து நின்றுவிடும். வீடியோக்காரர் அதற்கென்று ஒரு சின்ன மோட்டார் வைத்திருந்தார். நாங்கள் கிரைண்டர் வைத்திருந்தோம்.

இப்போது சுவிட்சுக்கு வருகிறேன்.

கிரைண்டர் உறுமியது. கோல் ஒரு சுற்று நிதானமாகச் சுற்றியது. என் வீட்டுக்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். அடுத்த சுற்றில் கோல் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டுச் சாட்டை மாதிரி வீசியது. அலமாரியிலிருந்த பொட்டுக்கடலை டப்பா பறந்தது. பசை துளித்துளியாகச் சுவரில், காலண்டரில், என் கண்ணாடியில், முக்கியமாக இவருடைய மீசையில் போய் உட்கார்ந்தது. நான் பாய்ந்து சுவிட்சை அணைத்தேன்.

கோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. பார்டர்கூடக் கலையவில்லை. மீசைதான் சிக்கல். தேங்காயெண்ணெய் போட்டோம், மண்ணெண்ணெய் போட்டோம். அதற்குள் அது இறுகி, தட்டினால் டொக்கென்று சத்தம் வந்தது. சாயங்காலம் சலூனுக்குப் போனவர் முழுக்க எடுத்துவிட்டு வந்தார். அவர் என்னைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட மீசை இல்லாமல் நான் பார்த்ததில்லை. வாசலில் நின்ற ஆளிடம், "அவுரு ஊட்டுல இல்லீங்க" என்று சொல்லிவிட்டேன்.

ஒரு ஆண்பிள்ளை திடீரென்று மீசையை எடுத்தால் ஊர் என்ன நினைக்கும்? இவருக்கு அப்பா அம்மா எப்போதோ போய்விட்டார்கள். வீட்டில் உடம்பு சரியில்லாதவர் ஒருவர்தான் இருக்கிறார்.

மறுநாள் காலையில் நூல் கடைக்காரர் கையில் மாலையோடு, தலையைக் குனிந்தபடி வாசலில் வந்து நின்றார். கதவைத் திறந்தது நங்கையா.

"வாங்க, வாங்க. ஆருங்க செத்துப்போனது?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். மாலையை மார்போடு அணைத்துக்கொண்டார். "இல்லீங்க... செல்வண்ணன் மீசைய... நாங்க நெனச்சோம்... நீங்கதானுங்களோன்னு..."

நங்கையா மாலையை உற்றுப் பார்த்தார்.

"சம்பங்கியா?"

"ஆமாங்க."

"எனக்கு ரோசாப்பூதான் புடிக்கும். அடுத்த தடவை பாத்து வாங்கியாங்க."

அவர் செருப்பைக்கூட மாட்டாமல் போய்விட்டார். நங்கையா கதவைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். உடம்புக்கு வந்ததிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நாங்கள் பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் தட்டில் போட்டதை முழுக்கச் சாப்பிட்டார்.

கையைக் கழுவிவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டார். "இன்னொருக்காப் பசை போடு. மெசினெல்லாம் வேண்டாம். என்ற பக்கத்துல கொண்டாந்து வை, நான் சுத்தறேன்."

இரண்டு அட்டைப்பெட்டிகளில் பள்ளம் வெட்டிக் கோலை அவற்றின் மேல் கிடத்தினோம். நங்கையா பக்கத்தில் உட்கார்ந்து, டிவி சீரியலைப் பார்த்துக்கொண்டே இடது கையால் திருப்பினார். நான் தறிக்கூடத்துக்குப் போய்விட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் குடிக்க வந்தேன். இடது கை மடியில் ஓய்வாகக் கிடந்தது. வலது கை விரல்கள் கோலின்மேல் இருந்தன. கட்டைவிரல் தள்ள, மற்றவை வாங்கிக்கொள்ள, கோல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. நங்கையாவின் கண் டிவியில். சீரியலில் மருமகளை யாரோ மாடியிலிருந்து தள்ளப் போகிறார்கள். அவருக்கு வேறெதுவும் தெரியவில்லை.

நான் சைகை காட்டி இவரை அழைத்தேன். வந்து பார்த்தவர் வாயைத் திறக்கப் போனார். தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன். எங்கள் வீட்டில் அவர் மெதுவாகப் பேசிய ஒரே தருணம் அது. "சுத்துது" என்றார். உதடு மட்டும் அசைந்தது.

மசாலா தடவிய மீன்

பொங்கல் லீவுக்குக் கோகிலா வந்தாள். பூலாம்பட்டித் துறையில் நாங்கள் நாலு பேர். எதிர்க்கரைக்குப் போகும் படகு சத்தம் போட்டுக்கொண்டு போய் வந்தது. மேலே கடைகளிலிருந்து மீன் வறுக்கும் வாசனை இறங்கி வந்தது.

இவர் அக்காவின் கையில் பட்டையைச் சுற்றி ஒட்டினார். நங்கையா இடது கையால் தாங்கிக் கொடுத்து, வலது கையால் வீசினார். தூரம் அதிகம் போகவில்லை. ஆனால் கோல் கையிலேயே இருந்தது.

மீன்தான் வரவில்லை. வெயில் ஏறியது. ஒரு பிளாஸ்டிக் பை வந்தது. யாரோ விட்ட வேட்டியின் கிழிசல் வந்தது. கோகிலா இரண்டு தடவை, "அம்மா, போதும்மா" என்றாள். ஜெயிக்கப் போகிறவள் குரலாக அது இல்லை.

என் வீட்டுக்காரருக்குத் தாங்கவில்லை. நழுவிப் போய் ஒரு பையோடு வந்தார். அக்கா அந்தப் பக்கம் திரும்பியிருந்தபோது முள்ளை இழுத்து எதையோ மாட்டினார்.

"டேய்" என்றார் நங்கையா திரும்பாமலே. "என்னடா அது?"

"மீனுக்கா. இப்பத்தான் மாட்டுச்சு."

நங்கையா கோலைத் தூக்கிப் பார்த்தார். "மசால் தடவுன மீனு ஆத்துல எங்கடா திரியுது?"

வறுப்பதற்கு மசாலா தடவாத மீன் கடையில் இல்லையாம். கோகிலா சிரித்துச் சிரித்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நங்கையா அந்த மீனைக் கழற்றிவிட்டு, மாவு உருட்டி வைத்து மறுபடி வீசினார். கோகிலா சிரித்து முடிப்பதற்குள் தக்கை முங்கியது. கோல் வளைந்தது. மஞ்சள் வளையம் ஒவ்வொன்றும் நிமிர்ந்து நின்று நரம்பை விட்டது. நங்கையாவின் கை இழுபட்டது. பட்டை பிடித்துக்கொண்டது. இடது கை ரீலைச் சுற்றியது.

"உடாதேம்மா! சுத்து, சுத்து!" என்று அலறியது கோகிலா.

உள்ளங்கையைவிடப் பெரிய ஜிலேபி மீன் படியில் வந்து விழுந்தது. முள்ளை உதறிவிட்டுத் துள்ளித் தண்ணீரை நோக்கிப் போனது. கோகிலா தன் பட்டுச் சுடிதாரோடு அதன்மேல் குப்புற விழுந்து இரண்டு கையாலும் அமுக்கினாள்.

"புடிச்சாச்சும்மா! நீ ஜெயிச்சுட்டே!"

நங்கையா அவளையே பார்த்தார். "நீ தொட்டுட்டே. நானே புடிக்கறேன்னுதான் பேச்சு. இது சேராது."

"சேருமுங்க, நங்கையா" என்றேன் நான்.

"சேரும்மா. நான்தானே சொல்றேன்?" என்றாள் கோகிலா.

"சேராது. தண்ணியில உடு."

கோகிலா உடையெல்லாம் சேறாக, மீனைக் கையில் வைத்துக்கொண்டு அழாத குறையாக நின்றாள். அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. மீன் ஆற்றுக்குப் போனது. நங்கையா புதிதாக மாவு உருட்டி முள்ளில் வைத்து மறுபடி வீசினார்.

அதற்குப் பிறகு மாட்டியது மிகச் சின்னது. அதை நங்கையாவே இழுத்தார், அவரே முள்ளிலிருந்து எடுத்தார், அவரே வாளியில் போட்டார். நாங்கள் மூவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றோம்.

பூட்டு

நங்கையாவின் வீடு மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. பூட்டில் துரு. அவர் சாவியை வலது கையால் நுழைத்தார். திரும்பவில்லை. எடுத்து மறுபடி நுழைத்தார். கோகிலாவின் கை நீண்டது, பிறகு தானாகவே பின்வாங்கியது. என் வீட்டுக்காரர் எதிரே இருந்த வேப்பமரத்தை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பூட்டு ஒரு வழியாக வாயைத் திறந்தது.

அரிவாள்மனையைக் காலால் அழுத்திக்கொண்டு நங்கையா மீனைக் கழுவினார். அதற்கே எங்களுக்குப் பசி அடங்கி மறுபடி எடுத்தது. புளி கரைத்தார், வெங்காயம் வதக்கினார். சட்டி நிறையக் குழம்பு. அதில் அந்த மீனைத் தேடவேண்டியிருந்தது. மீன் அந்த வழியாக ஒரு தடவை நடந்துபோன மாதிரி ஒரு ருசி.

கோகிலா தலை நிமிராமல் சாப்பிட்டாள். இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள். சட்டியைச் சாய்த்து வழித்தாள். பிறகு விரலை நக்கிக்கொண்டே அம்மாவைப் பார்த்தாள்.

"உப்புக் கம்மிம்மா."

"ஆமா" என்றார் நங்கையா. "அடுத்த மாசம் நீ வாரப்ப சரியாப் போடறேன்."

கோகிலா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "வர்ற சனிக்கெழமையே வாரேன்" என்றாள். "காரம் கொறச்சு வை."